பெட்டி கேட்கும் மனிதர்

பாட்டு கேட்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. பேருந்தில் கேட்பார்கள், குளியலறையில் கேட்பார்கள், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார்கள், நடுவில் ஒரு வரி மறந்துபோனால் 'லலலா' என்று ஒப்பேற்றிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்கள். அப்பாவிகள். நாம் பார்க்கப்போகும் மனிதர் வேறு இனம். அவர் பாட்டைக் கேட்பதில்லை. பாட்டைப் போட்டுப் பெட்டியைக் கேட்கிறார். பெட்டி என்றால் ஆம்பிளிஃபயர்.

அவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ரொம்பச் சுலபம். அவர் வீட்டுக் கூடத்தில் எல்லா நாற்காலிகளும் சுவரோரம் ஒதுங்கி நிற்க, ஒன்றே ஒன்று மட்டும் நட்டநடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டுப்பட்டையால் குறி போட்டிருப்பார். தெரியாத்தனமாக நீங்கள் அதில் உட்கார்ந்துவிட்டீர்களா? தொலைந்தீர்கள். பின்னால் வந்து நின்று உங்கள் தலையை இரண்டு விரலால் பிடித்து, "கொஞ்சம் இந்தப் பக்கம்... இன்னும் கொஞ்சம்... ஆங், இப்பத்தான் பாடறவங்க நடுவுல வந்து நிக்கறாங்க" என்று திருப்பி வைப்பார். பாட்டு ஆரம்பிக்கும். அது உங்களைப் பிடித்து இழுக்கிற நேரம் பார்த்துப் பட்டென்று நிறுத்துவார்.

"கேட்டீங்களா?"

"எதை?"

"மூச்சு! பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுத்தாங்களே!"

மறுபடி மூச்சு. மறுபடியும் மூச்சு. அந்தப் பாடகி என்ன பாடினார் என்பதைத் தவிர, அவர் நுரையீரலைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு நீங்கள் வீடு திரும்புவீர்கள்.

இந்த இனத்துக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று பழைய கட்சி. இவர்கள் பெட்டி ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம், உள்ளே ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி உலோகத் தகடுகள், போட்டால் தோசைக்கல்லாகக் கொதிக்கும். கொதித்தால்தான் இவர்களுக்குத் திருப்தி. 'ஒலியில் ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது' என்பார்கள். வெதுவெதுப்பு அறையில் இருக்கிறதா ஒலியில் இருக்கிறதா என்று கேட்டால் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். இன்னொன்று டிஜிட்டல் கட்சி. இவர்கள் பெட்டி சாப்பாட்டு டப்பா அளவுதான். ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தைப் போட்டுப் போட்டு அணைத்தே ஒலியை உண்டாக்குகிறது, சூடாவதே இல்லை. 'ஒலி தெளிவாக இருக்கிறது, பின்னால் இருக்கும் அமைதிகூடக் கறுப்பாகத் தெரிகிறது' என்பார்கள். அமைதிக்கு நிறம் பார்க்கிறவர்களிடம் நாம் என்ன பேச?

நம்முடையவர் பழைய கட்சி. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களைச் சந்தேகப்படுவது அவருடைய உத்தியோகம். பகலெல்லாம் மனிதர்களைச் சந்தேகப்பட்டுவிட்டு, மாலையில் வந்து ஒயர்களைச் சந்தேகப்படுவார். அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. காலையிலிருந்து மாலைவரை வருகிறவர்கள் முகத்தில் அந்தக் கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கேட்பார்: "இதைக் கேளு... இப்ப இதைக் கேளு. எது தெளிவு?"

அவளுக்கு இந்தத் தொழிலின் சூட்சுமம் தெரியும். ஒரு கட்டத்துக்கு மேல் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வெட்கம். போட்ட லென்ஸையே கழற்றித் திரும்பப் போட்டாலும், "ஆ, இதுதாங்க சூப்பர்" என்பார்கள். ஆகவே அவளும் கணவரிடம் தன் வாடிக்கையாளரைப் போலவே நடந்துகொண்டாள்.

"ரெண்டாவது கொஞ்சம் மென்மையா இருக்குங்க."

"நான் இன்னும் மாத்தவே இல்லையேம்மா!" என்றார் ஒரு நாள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரோ துள்ளிக் குதித்தார். "பாத்தியா? மாத்தப் போறேன்னு நினைச்சதுக்கே இவ்வளவு வித்தியாசம்னா, நிஜமாவே மாத்தினா எப்படி இருக்கும்!"

இப்படிப்பட்டவரோடு சண்டை போட முடியுமா? அவளும் போடவில்லை. வாழ்க்கை அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் போன வருடம் அவள் ஒரு காரியம் செய்தாள். கடைக்கு மேல் மாடியில் நடக்கும் பாட்டு வகுப்பில் சேர்ந்தாள். சின்ன வயதிலிருந்து உள்ளே அடக்கிவைத்த ஆசை. வேலை முடிந்ததும் மாடியேறிப் பாடிவிட்டு வருவாள். வருட முடிவில் வகுப்புக்காரர்கள் ஒரு அரங்கத்தை வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். இந்தத் தடவை டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "கூட்டத்தோட வேண்டாம், நீங்க தனியா ஒரு பாட்டு பாடுங்க. திங்கக்கிழமை சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்.

தனியாக! மேடையில்! அவளுக்குச் சந்தோஷத்தில் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. தன் குரல் மேடைக்குத் தேறுமா தேறாதா? யாரிடம் கேட்பது? டீச்சர் நேரத்துக்கு வருகிற எல்லோரையும் புகழ்வார். வகுப்புத் தோழிகள் முறை வைத்து ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வார்கள். தங்கையோ சோப்பு விளம்பரத்துக்கே கண்ணைத் துடைத்துக்கொள்கிறவள். பொய் சொல்லாத காது ஒரு ஜோடி வேண்டும். அந்தக் காது அவள் வீட்டிலேயே இருந்தது. அதற்குச் சொந்தக்காரரை நினைத்தால்தான் தயக்கமாக இருந்தது.

முதல் தடவை நேராகவே கேட்டுப் பார்த்தாள். "ஏங்க, நான் ஒண்ணு பாடறேன். எப்படி இருக்குன்னு சொல்றீங்களா?"

"இப்பவா? பெட்டி இன்னும் சூடாகலையே."

"பெட்டி எதுக்குங்க? நான்தானே பாடப்போறேன்?"

அவர் அதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் அவருடைய தொலைபேசி அடித்தது. புதிதாக வந்த ஸ்பீக்கர் ஒயர் பற்றிய விவகாரம். பேசி முடிப்பதற்குள் அவளுக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது.

இரண்டாம் தடவை சமையலறையிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உரக்கப் பாடினாள். தானாக எழுந்து வருவார் என்று நினைப்பு. வரவில்லை. குரல் மட்டும் வந்தது. "அங்க ஏதோ சத்தம் வருதும்மா, கொஞ்சம் அணைச்சிடு. கம்பேர் பண்ணிட்டிருக்கேன்!"

அணைத்துவிட்டாள். அது அவளுக்கு நிஜமாகவே வலித்தது. அழுகை வந்தது, அழவில்லை. அடுப்பில் வேலை இருந்தது.

அந்த வலியில்தான் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. இவர் காதுக்குள் நுழைய ஒரே வாசல் அந்தப் பெட்டிதான் என்றால், அந்த வழியாகவே நுழைந்துவிட்டால் என்ன? சனிக்கிழமை அவர் ஒயர் வாங்க வெளியே போன நேரம் பார்த்துக் கூடத்தில் உட்கார்ந்து, எந்த நிமிஷம் கதவு திறக்குமோ என்று ஒரு கண்ணை வாசல் பக்கம் வைத்துக்கொண்டே, கைத்தொலைபேசியில் தன் பாட்டைப் பதிவு செய்து வைத்தாள்.

மறுநாள் சகலை வந்தார். அதாவது அவள் தங்கையின் கணவர், டிஜிட்டல் கட்சியின் தூண். கூடவே தங்கையும் வந்தாள். உலகத்தில் சகலைகள் சந்தித்துக்கொண்டால் மாமனார் வீட்டைப் பற்றிக் குறை பேசுவார்கள், மனம் லேசாகும், காப்பி குடித்துவிட்டுக் கலைவார்கள். இந்த இரண்டு பேருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. சகலை வாசலில் நின்றபடியே பையைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு கையில தூக்கிட்டு வந்துட்டேன், சகலை. உங்க பெட்டியைத் தூக்கணும்னா ஆஸ்பத்திரியில சொல்லிவெச்சிட்டுத்தான் தூக்கணும்."

"சுண்டைக்காய் அளவு இருக்கு. இதுல எங்கேயிருந்து ஒலி வரும்? பாட்டைக் கண்டந்துண்டமா வெட்டி ஒட்டிக் குடுக்குது."

"வெட்டலை, சகலை. வேகமா சுவிட்ச் போட்டு அணைக்குது. உங்களுது பாதி கரண்டை ரூமைச் சூடாக்கத்தான் செலவு பண்ணுது. குளிர்காலத்துக்கு வெச்சுக்கோங்க."

ஆரம்பித்தது சடங்கு. ஒரே ஸ்பீக்கர், இரண்டு பெட்டி, மாற்றி மாற்றி இணைப்பது. சத்தம் கொஞ்சம் கூடினாலே நன்றாக இருப்பது போலத் தோன்றிவிடும் என்பதால், அளவுமானி வைத்து இரண்டையும் சரிசமம் ஆக்குவது. சரிசமம் ஆனதும், 'மயிரிழை உங்களுக்குக் கூடுதல்' என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்வது. மறுபடி அளவுமானி. கைகளில் ஒயர் சுற்றிக்கொண்டு இரண்டு வளர்ந்த ஆண்கள் தரையில் முட்டி போட்டுத் தவழ, மத்தியானச் சாப்பாடு மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. தங்கை பால்கனியில் நின்று ஊருக்கெல்லாம் போன் பேசிக்கொண்டிருந்தாள். கூடத்துப் பக்கம் தலைகாட்ட அவளுக்குப் பயம்.

கடைசியில் எந்தப் பாட்டை வைத்து முடிவு செய்வது என்பதில் போய் முட்டிக்கொண்டது. அவர் போடும் பாட்டெல்லாம் பழைய பெட்டிக்குச் சாதகமானது என்றார் சகலை. சகலை கொண்டுவந்ததெல்லாம் டிஜிட்டலுக்கு என்றே பிறந்தது என்றார் அவர். இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத பாட்டு ஒன்று வேண்டும். எங்கே போவது?

"என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள் அவள். காப்பித் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். "எங்க கிளாஸ்ல ஒருத்தங்க பாடினது."

பொய்யில்லை பாருங்கள்.

போட்டார்கள். கூடம் முழுக்க அவளுடைய குரல் எழுந்தது. ஸ்பீக்கருக்குள்ளிருந்து தன் குரல் வருவதை முதல்முதலாகக் கேட்டபோது அவளுக்குக் காது மடல் சூடாகியது. அது தன்னுடையதுதானா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினார். இரண்டாவது வரி முடிவதற்குள் கையைத் தூக்கினார். சகலை நிறுத்தினார்.

"ஃபிரிட்ஜ் ஓடுது" என்றார் அவர்.

அவளுக்குத் திக்கென்றது.

"பாடறவங்களுக்குப் பின்னாடி, வலது பக்கம். கேட்டீங்களா சகலை? டைல்ஸ் தரை. ஒரு பக்கம் கனமான திரை தொங்குது, அந்தப் பக்கம் எதிரொலியே இல்ல. மேல ஃபேன் சுத்துது, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கிளிக்."

"என் பெட்டியில போடறேன், கேளுங்க." ஒயர் மாறியது. முதல் இரண்டு வரி. நிறுத்தம். "பாத்தீங்களா? ஃபேன் தனியா, குரல் தனியா, பிரிச்சுக் குடுக்குது."

"உங்க பெட்டியில ஃபேன் மட்டும்தான் இருக்கு. பாடற அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க."

"உங்க பெட்டியில ஃபேனுக்கே ஜலதோஷம்!"

"நம்ம வீட்டு ஃபேனுக்கும் இதே கிளிக்தான்" என்று அவர் மேலே பார்க்காமலே சொன்னார். "இந்த கம்பெனி ஃபேன் எல்லாத்துக்கும் இதே வியாதி."

நீங்களே சொல்லுங்கள், இந்த மனிதரை என்ன செய்வது? தன் வீட்டு ஃபிரிட்ஜைக் கண்டுபிடித்தார், தன் வீட்டுத் தரையைக் கண்டுபிடித்தார், வாங்கின நாளிலிருந்து துவைக்காத திரையைக்கூடக் கண்டுபிடித்தார். இவ்வளவுக்கும் நடுவில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த சம்சாரத்தைக் காணவில்லை! பாட்டோ அந்த இரண்டாவது வரியைத் தாண்டவேயில்லை. பழைய பெட்டி, புதுப் பெட்டி, பழைய பெட்டி, புதுப் பெட்டி என்று அவள் குரல் ஆரம்பித்து ஆரம்பித்து அறுந்தது. ஒவ்வொரு தடவை அறுந்தபோதும் அவளுக்கு யாரோ வாயைப் பொத்துவது போல இருந்தது.

அந்தச் சமயம் தங்கை பால்கனியிலிருந்து உள்ளே வந்தாள். அரை வரிதான் காதில் விழுந்திருக்கும். அக்காவைத் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தாள். 'பேசாதே' என்று அக்கா கண்ணால் அதட்டினாள். தங்கை வாயைக் கையால் மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு வழக்கம்போலக் கண் கலங்க ஆரம்பித்திருந்தது.

அக்கா காப்பித் தட்டை மேஜையில் வைத்தாள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். பாடறவங்க எப்படிப் பாடறாங்க?"

இரண்டு சகலைகளும் அவளை விநோதமாகப் பார்த்தார்கள். கார் வாங்க வந்த இடத்தில் டிரைவருக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. ஆனால் அவரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு கேள்வி என்று வந்துவிட்டால் அரைகுறையாகப் பதில் சொல்ல மாட்டார். நாற்காலியில் சரியாக உட்கார்ந்து, கண்ணை மூடி, "விடுங்க சகலை, இந்தத் தடவை நிறுத்தாதீங்க" என்றார். இரண்டாவது வரி போனது. மூன்றாவது வந்தது. நாலு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தது. அவள் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். பாதிப் பாட்டில் அவர் கண்ணைத் திறந்தார்.

"நல்ல குரல். சுருதி சுத்தம், எங்கேயும் பிசகலை. ஆனா..."

"ஆனா?"

"இந்தம்மாவுக்குப் பயம். ஒவ்வொரு வரி முடியறப்பவும் அவசரமா முடிக்கறாங்க. யாரோ கதவைத் திறந்துட்டு வந்துடுவாங்கன்னு பயந்து பயந்து பாடறாங்க. அந்தப் பயம் இல்லேன்னா எங்கேயோ போயிடுவாங்க."

"யாரு வந்துடுவாங்கன்னு பயப்படறாங்க?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? வீட்டுல யாராவது ஒரு சிடுமூஞ்சி இருப்பான்."

தங்கையால் அதற்கு மேல் முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பீறிட்டுக்கொண்டு வந்தன. "அத்தான், அந்தச் சிடுமூஞ்சி நீங்கதான்! பாடறது அக்கா!"

கூடம் அமைதியானது. எந்தப் பெட்டியும் இதுவரை கொடுக்காத அமைதி. சகலை கையில் இருந்த ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்முடையவர் மெல்ல மேலே நிமிர்ந்தார். ஃபேன் சுற்றியது. கிளிக். ஃபிரிட்ஜைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

"எந்த போன்ல ரெக்கார்டு பண்ணினே?" என்றார்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தது. நல்ல குரல், சுருதி சுத்தம். யாருடைய குரல் என்று தெரியாமல் சொன்ன வார்த்தை. இனி அவரே நினைத்தாலும் அதைத் திருப்பி வாங்க முடியாது.

"இன்னொரு தடவை பாடும்மா" என்றார் அவர். "பெட்டி வேண்டாம். சும்மா பாடு."

"நீங்க இங்க உட்கார்ந்திருந்தா பயந்துதான் பாடுவேன்."

அவர் யோசித்தார். அந்த நடு நாற்காலியிலிருந்து, யாரும் சொல்லாமல், தானாக எழுந்தார். "சரி. நான் வெளிய நிக்கறேன். வாங்க சகலை" என்று சகலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவையும் வெளியிலிருந்து சாத்திக்கொண்டார்.

உள்ளே அவள் பாடினாள். முதல் வரியில் கொஞ்சம் தடுமாறினாள். இனி யாரும் வரப்போவதில்லை என்று நெஞ்சுக்குத் தெரிந்ததும் குரல் தன்னால் அகன்றது. ஒவ்வொரு வரியையும் அது போக வேண்டிய இடம்வரை போகவிட்டுத் திரும்பினாள். வெளியே, நடைவழியில், சகலைகள் இருவரும் கதவில் ஆளுக்கொரு காதை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுப் பல்டாக்டர் குப்பைப் பையோடு வெளியே வந்தவர் திகைத்துப்போனார்.

"என்ன சார், சாவி தொலைஞ்சு போச்சா?"

"ஸ்ஸ்ஸ்!"

பல்டாக்டர் பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். சகலையால் சும்மா இருக்க முடியவில்லை. பழக்கதோஷம். காதை எடுக்காமலே கிசுகிசுத்தார்: "மரக் கதவு சகலை. கீழ் ஸ்தாயியை நல்லா விடுது. மேலதான் கொஞ்சம் அடைக்குது, கவனிச்சீங்களா? நம்ம பெட்டியில..."

"வாயை மூடுங்க சகலை" என்றார் அவர். "என் பொண்டாட்டி பாடறா."

பாட்டு முடியும்வரை அவர் கதவைத் திறக்கவில்லை. முடிந்த பிறகும் உடனே திறக்கவில்லை. உள்ளே அவள் திங்கட்கிழமைவரை காத்திராமல் டீச்சருக்கு அப்போதே போன் செய்து, "சரிங்க, பாடறேன்" என்று சொல்லிவிட்டாள். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கொதித்துக்கொண்டும், இன்னொரு பெட்டி குளிர்ந்துகொண்டும், ஒப்பிட ஆள் இல்லாமல் கிடந்தன.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'நல்லவேளை, நம் வீட்டில் ஆம்பிளிஃபயரே இல்லை' என்று நினைத்துக்கொள்கிறீர்கள். சந்தோஷம். பழைய பெட்டி எப்படிச் சூடாகும், புதுப் பெட்டி எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் இப்போது உங்களுக்கு அத்துப்படி. ஃபேன் கிளிக், ஃபிரிட்ஜ் எந்தப் பக்கம், தரை டைல்ஸா சிமெண்டா, எல்லாம் தெரியும். ஒரு பெண்பிள்ளை ஆரம்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டைப் பாட முயன்றுகொண்டிருந்தாள். ஒளிந்து பாடினாள், அறுத்து அறுத்துப் போட்டார்கள், கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு முழுசாகப் பாடி முடித்தாள்.

என்ன பாட்டு?

நான் சொல்லவில்லைதான். நீங்கள் கேட்டீர்களா?